மின்தடைக் காலத்தில் ஊர்வன வளர்க்கும் அறையைச் சூடாக்கப் புகைபோக்கி இல்லாத எரிவாயு ஹீட்டரைப் பயன்படுத்தலாமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். ஓர் அறையில் நான்கு பால் பைத்தான் (ball python) மலைப்பாம்புகளையும், பல்லி வகைகளான இரண்டு பியர்டட் டிராகன்கள், ஒரு லெப்பர்டு கெக்கோ, ஒரு கிரெஸ்டட் கெக்கோ ஆகியவற்றையும் வளர்த்து வருகிறேன். பாம்புகளின் பெட்டிகளுக்கு அடியில் ஹீட் மேட்களும் (சூடேறும் மின்விரிப்புகள்), டிராகன்களின் கண்ணாடித் தொட்டிகளில் வெப்ப விளக்குகளும் இருக்கின்றன; அனைத்தும் மின்சாரத்தை நம்பியவை. குளிர்காலப் புயலில் மின்சாரம் நின்றால் சில வேளைகளில் ஒரு நாள் முழுவதும் திரும்புவதில்லை. அப்போது வீட்டின் வெப்பநிலை 10 டிகிரி செல்சியசுக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

இதற்கு மாற்றாக, சுவரில் பொருத்தும் 3 கிலோவாட் எரிவாயு ஹீட்டர் ஒன்றை வாங்கலாமா என்று எண்ணுகிறேன். அது புரொப்பேனில் இயங்குவது. புகைபோக்கி தேவையில்லை, மின்சாரமும் தேவையில்லை. ஆக்சிஜன் குறைந்தால் தானாகவே அணைந்துவிடும் உணரி அதில் உள்ளது என்றும், எரிபொருளின் வெப்பம் ஏறத்தாழ முழுவதும் அறைக்குள்ளேயே தங்கிவிடும் என்றும் அதன் விளக்கக் குறிப்பு கூறுகிறது. அறையின் கொள்ளளவு சுமார் 30 கன மீட்டர். ஒரே ஒரு சன்னல்தான் இருக்கிறது. இரவு முழுவதும் ஹீட்டரை எரியவிட்டு, நாங்கள் பக்கத்து அறையில் உறங்குவது பாதுகாப்பானதா? விலங்குகளின் நுரையீரலுக்கு இதனால் தீங்கு நேருமா? பயன்படுத்தியவர்களும் விவரம் அறிந்தவர்களும் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி 1

வணக்கம். நான் எரிவாயுக் கருவிகளைப் பொருத்திப் பராமரிக்கும் தொழிலில் இருப்பவன். வீட்டில் பாம்புகளும் வளர்க்கிறேன். நீங்கள் விவரித்த முறையில், அதாவது மூடிய சிறிய அறையில், இரவு முழுவதும், கண்காணிப்பின்றி எரியவிடுவது கூடாது என்பதே என் உறுதியான கருத்து. ஏன் என்பதைக் கணக்கோடு சொல்கிறேன்.

வெப்பம் முழுவதும் அறைக்குள்ளேயே தங்குகிறது என்பது உண்மைதான். ஆனால் வெப்பத்தை வெளியே விடாத அதே காரணத்தால், எரிதலில் உண்டாகும் மற்ற எல்லாமும் அறைக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. 3 கிலோவாட் ஹீட்டர் முழு வேகத்தில் எரிந்தால் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 215 கிராம் புரொப்பேன் செலவாகும். ஒரு கிலோ புரொப்பேன் எரியும்போது 3 கிலோ கார்பன் டை ஆக்சைடும் 1.6 கிலோ நீராவியும் உண்டாகின்றன, 3.6 கிலோ ஆக்சிஜன் செலவாகிறது. உங்கள் 30 கன மீட்டர் அறை முற்றிலும் அடைபட்டதாக இருந்தால், முதல் ஒரு மணி நேரத்திலேயே கார்பன் டை ஆக்சைடு 1 விழுக்காட்டைத் தாண்டிவிடும். திறந்த வெளிக் காற்றில் அது 0.04 விழுக்காட்டைச் சற்றே மிஞ்சும் அளவுதான். எட்டு மணி நேரப் பணியிடங்களுக்குப் பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு 0.5 விழுக்காடு. எந்த அறையிலும் இடுக்குகள் வழியாகக் காற்று வந்துபோகும் என்பதால் நடைமுறையில் இந்த எண்கள் குறையும். ஆனால் குளிரைத் தடுக்க நாம் செய்யும் முதல் வேலையே அந்த இடுக்குகளைத் துணி வைத்து அடைப்பதுதான் என்பதை மறந்துவிடக் கூடாது.

அடுத்தது ஈரம். ஒரு மணி நேரத்தில் சுமார் 350 மில்லிலிட்டர் தண்ணீர் ஆவியாக அறைக்குள் சேருகிறது. 25 டிகிரி வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 23 கிராம் நீராவியையே தாங்கும். எனவே உங்கள் அறை முழுவதற்கும் 690 கிராம்தான் எல்லை. இரண்டு மணி நேரத்தில் சன்னல் கண்ணாடியிலும் குளிர்ந்த சுவர்களிலும் நீர் வழியத் தொடங்கும். வெப்பமண்டலப் பாம்புகளுக்கு ஈரப்பதம் நல்லதுதானே என்று சிலர் சொல்வதுண்டு. வறண்ட நிலத்தைச் சேர்ந்த பியர்டட் டிராகனுக்கும் லெப்பர்டு கெக்கோவுக்கும் அது பொருந்தாது. மலைப்பாம்புக்கும், காற்றோட்டமில்லாத ஈரம் நலம் தருவதில்லை.

இனி, எல்லோரும் நம்பியிருக்கும் அந்த உணரியைப் பற்றி. அது காற்றைப் பகுத்தாய்ந்து அளக்கும் கருவி அன்று. சிறு வழிகாட்டிச் சுடர் ஒன்று, சூட்டை உணரும் தெர்மோகப்பிள் என்ற உலோக உறுப்பைச் சூடாக்கிக்கொண்டே இருக்கும். அறையின் ஆக்சிஜன் 20.9 விழுக்காட்டிலிருந்து சுமார் 18 விழுக்காட்டுக்கு இறங்கும்போது சுடர் துளையை விட்டு விலகி மேலெழும், தெர்மோகப்பிள் குளிரும், வால்வு மூடிக்கொள்ளும். எளிமையான, பல உயிர்களைக் காத்த அமைப்புதான். ஆனால் மணமற்ற நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடை அதனால் உணர முடியாது. முதன்மை பர்னரில் தூசி படிந்து எரிதல் அரைகுறையாக நடந்தால், ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்போதே கார்பன் மோனாக்சைடு உண்டாகும், உணரி வாளாவிருக்கும்.

ஊர்வன வளர்ப்போருக்கு இந்தத் தூசி மற்றவர்களைவிடப் பெரிய சிக்கல். தேங்காய் நார்த்தூள், மரச்சீவல், நுண்மணல் போன்ற, பெட்டிகளின் அடியில் பரப்பும் படுகைப் பொருள்களிலிருந்து மிக மெல்லிய துகள்கள் எந்நேரமும் காற்றில் மிதந்துகொண்டிருக்கும். இத்தகைய அறைகளில் பயன்பட்ட ஹீட்டர்களைத் திறந்து பார்க்கும்போது பர்னர் துளைகளில் பழுப்பு நிறப் படலம் ஒட்டியிருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சள் நுனியோடு ஆடினால் அக்கருவியை உடனே அணைத்துவிட வேண்டும். உண்ணி மருந்துத் தெளிப்பான்களையும் ஸ்பிரிட் கலந்த கிருமிநாசினிகளையும் எரியும் ஹீட்டருக்கு அருகில் பயன்படுத்துவது தீ விபத்தை அழைப்பதாகும். குளோரின் சேர்ந்த பொருள்களின் ஆவி சுடர் வழியே சென்றால் அமில வாயுவாக மாறி உலோகத்தையும் மூச்சுப்பாதையையும் அரிக்கும்.

புகைபோக்கியுள்ள, வெளிக்காற்றை உள்ளிழுத்து எரிந்து வெளியிலேயே புகையை விடும், எரியும் பகுதி முழுவதும் மூடப்பட்ட ஹீட்டர்கள் இருக்கின்றன. அவற்றிலும் மின்சாரம் தேவைப்படாத வகைகள் உண்டு. எரிவாயுவைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால் நான் பரிந்துரைப்பது அதையே.

மறுமொழி 2

மேலே எழுதியவர் கூறிய ஆபத்துகள் அனைத்தையும் ஏற்கிறேன். இருப்பினும் இவ்வகை ஹீட்டரை அடியோடு விலக்க வேண்டும் என்று நான் கருதவில்லை. எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது. குளிர் மிகுந்த மின்தடைகளில் அது பயன்பட்டிருக்கிறது. ஆனால் அது ஊர்வன அறையில் இல்லை. வீட்டின் மிகப் பெரிய, திறந்த கூடத்தில் இருக்கிறது. விலங்குகளைத்தான் அங்கே கொண்டுவருகிறோம். யாரேனும் ஒருவர் விழித்திருக்கும்போது மட்டுமே எரியவிடுகிறோம். உறங்கச் செல்லுமுன் அணைத்துவிடுகிறோம். எதிரெதிரே இருக்கும் இரண்டு சன்னல்களை இரண்டு விரற்கடை திறந்து வைக்கிறோம். வெப்பத்தில் ஒரு பகுதி வீணாகத்தான் செய்கிறது. அந்த இழப்பை ஏற்க மனமில்லாதவர்கள் இந்தக் கருவியை வாங்கவே கூடாது.

கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் வேண்டும். அது பேட்டரியில் இயங்க வேண்டும், ஏனெனில் நாம் பேசுவதே மின்சாரம் இல்லாத நேரத்தைப் பற்றி. வழக்கமான வீட்டு அலாரம், செறிவு 70 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 70 பங்கு) அளவில் இருந்தால் ஒன்று முதல் நான்கு மணி நேரத்துக்குள் ஒலிக்கும்படி அமைக்கப்பட்டது. 400 பிபிஎம் அளவில் நான்கு முதல் பதினைந்து நிமிடங்களுக்குள் ஒலிக்கும். 30 பிபிஎம் போன்ற குறைந்த அளவு நாள்கணக்கில் நீடித்தாலும் அது ஒலிக்காமல் இருக்கக்கூடும். எனவே அளவை எண்ணாகக் காட்டும் திரையுள்ள கருவியை வாங்குங்கள். எண் பூச்சியத்திலிருந்து ஏறத் தொடங்கினாலே ஹீட்டரை அணைத்து, எல்லோரும் வெளியேறி, அறையைக் காற்றாட விடுங்கள்.

எந்த அறையில் வைப்பது என்பதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்க எரிவாயு விதிகள் இவ்வகை ஹீட்டர்களைப் படுக்கையறையில் மணிக்கு 10,000 பிடியு (வெப்பத்தை அளக்கும் அலகு), அதாவது சுமார் 2.9 கிலோவாட் வரை மட்டுமே அனுமதிக்கின்றன. சில ஆட்சிப் பகுதிகளில் அவை முழுவதும் தடை செய்யப்பட்டுள்ளன. உங்கள் பகுதியின் விதியைக் கேட்டறியாமல் சுவரில் துளையிட வேண்டாம்.

ஹீட்டரின் வகையும் முக்கியம். நீலச் சுடர் வகை காற்றைச் சூடாக்கும். சூடான காற்று மேலே ஏறுவதால் மேலடுக்கில் உள்ள பெட்டிக்கும் தரையில் உள்ள பெட்டிக்கும் இடையே பல டிகிரி வேறுபாடு ஏற்படும். செந்தணலாக ஒளிரும் அகச்சிவப்பு வகை எதிரே இருக்கும் பொருள்களை நேரடியாகச் சூடாக்கும். அதன் எதிரே கண்ணாடித் தொட்டியை வைத்தால் கண்ணாடி அக்கதிரை உறிஞ்சிக் கொதிக்கும், உள்ளிருக்கும் உயிரினம் ஓடி ஒளிய இடமின்றித் தவிக்கும். ஒவ்வொரு பெட்டியிலும் தனித்தனி வெப்பமானி இல்லாமல், சுவரிலுள்ள ஒரே வெப்பமானியை நம்பி எந்த அறை ஹீட்டரையும் இயக்கக் கூடாது.

மறுமொழி 3

நான் விலங்கு மருத்துவத் துறையைச் சேர்ந்தவள். ஊர்வனவற்றுக்குச் சிகிச்சை அளிப்பது என் அன்றாடப் பணி. நீங்கள் கேட்ட நுரையீரல் கேள்விக்கு முதலில் வருகிறேன்.

ஊர்வனவற்றுக்கு நம்மைப் போன்ற உதரவிதானத் தசை இல்லை. அவற்றால் வலுவாக இருமிச் சளியை வெளியேற்ற இயலாது. பெரும்பாலான பாம்புகளில் வலது நுரையீரலே முதன்மையாக இயங்குகிறது; அதன் பின்பகுதி இரத்த ஓட்டம் குறைந்த காற்றுப்பை போன்றது. அங்கே இறங்கிய சளியோ துகளோ எளிதில் வெளியே வராது. சுடரில் உண்டாகும் நைட்ரஜன் டை ஆக்சைடு மூச்சுப்பாதையை எரிச்சலூட்டும் வாயு. குளிரால் நோய் எதிர்ப்பாற்றல் தாழ்ந்திருக்கும் நேரத்தில் அந்த எரிச்சலும் தேங்கிய ஈரமும் சேர்ந்தால் சுவாசத் தொற்றுக்கு வழி திறக்கும். வாயைத் திறந்து மூச்சு விடுதல், மூக்கில் குமிழி, மூச்சில் சீழ்க்கை ஒலி, தலையை உயர்த்தியே வைத்திருத்தல் ஆகியவை தென்பட்டால் காத்திருக்காமல் மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். பல வேளைகளில் இவை மின்தடை முடிந்து ஓரிரு வாரங்கள் கழித்தே வெளிப்படும் என்பதால், வளர்ப்பவர் இரண்டையும் தொடர்புபடுத்தத் தவறிவிடுகிறார்.

இன்னொன்றையும் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். விலங்குகள் நன்றாகத்தானே இருக்கின்றன என்பதைக் காற்றின் தூய்மைக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊர்வனவற்றின் வளர்சிதை மாற்றம் மிக மெதுவானது. ஆக்சிஜன் குறைவை அவை நம்மைவிட நெடுநேரம் தாங்கும். சில ஆமைகள் குளிர்ந்த நீரடியில் ஆக்சிஜனே இல்லாமல் மாதக்கணக்கில் உயிர்வாழக் கூடியவை. அந்த அறையில் முதலில் மயங்கி விழப்போவது பாம்பல்ல, நீங்கள்.

இப்போது என் முதன்மையான ஐயத்துக்கு வருகிறேன்: உங்கள் விலங்குகளுக்கு உண்மையில் எவ்வளவு வெப்பம் தேவை? வழக்கமான நாளில் பால் பைத்தானின் பெட்டியில் சூடான முனை 31 முதல் 33 டிகிரி வரையும், குளிர்ந்த முனை 25 டிகிரி அளவிலும் இருப்பது சரி. ஆனால் நலமான, வயிறு காலியான பாம்பு ஓர் இரவை 18 அல்லது 20 டிகிரியில் கழிப்பதால் அதற்குத் தீங்கு நேர்வதில்லை. பியர்டட் டிராகனுக்கும் லெப்பர்டு கெக்கோவுக்கும் அத்தகைய குளிர்ந்த இரவு இயற்கையிலேயே பழகியதுதான். கிரெஸ்டட் கெக்கோவோ 22 முதல் 25 டிகிரியை விரும்புவது. 28 டிகிரியைத் தாண்டினால் துன்புறும், அது நீடித்தால் இறந்தும்போகும். மலைப்பாம்புக்காக அறை முழுவதையும் 30 டிகிரிக்கு உயர்த்தினால், அந்தக் கெக்கோவைக் குளிரிலிருந்து காப்பாற்றி வெப்பத்தால் கொன்றவர்களாவோம். ஓர் அறைக்கு ஒரே வெப்பநிலை என்ற எண்ணமே பலவகை ஊர்வன வளர்ப்பவர்களுக்கு ஒத்துவராது. நம் இலக்கு அவற்றை வழக்கமான வெப்பத்தில் வைப்பதன்று. மின்சாரம் வரும்வரை 18 டிகிரிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்வது.

அதற்கு அறையைச் சூடாக்க வேண்டியதில்லை, விலங்கு இருக்கும் பெட்டியைக் காத்தாலே போதும். பாம்புகளைத் தனித்தனித் துணிப்பைகளில் இட்டு, தடித்த தெர்மாகோல் பெட்டியில் வைத்து, 40 டிகிரி அளவிலான வெந்நீர் நிரப்பிய பாட்டில்களைத் துண்டில் சுற்றி ஓரத்தில் வையுங்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை பாட்டிலை மாற்றினால் ஒரு நாளைக் கடத்திவிடலாம். இரும்புத்தூள் நிரம்பிய வெப்பப் பொட்டலங்களைப் பயன்படுத்தினால், அவையும் காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்தே சூடாகின்றன என்பதால், பெட்டியில் துளைகள் இருக்க வேண்டும்; பொட்டலம் விலங்கின் உடலில் படவே கூடாது. தொட்டியிலேயே விட்டுவைக்கும் விலங்குகளுக்கு, மேல்வலையில் சிறிது இடம் விட்டு நான்கு பக்கமும் கம்பளியால் போர்த்துங்கள்.

புயல் எச்சரிக்கை வந்தவுடன் உணவூட்டலை நிறுத்திவிடுங்கள். குளிர்ந்த உடலில் செரிமானம் நின்றுபோகும். உண்ட இரை வயிற்றிலேயே அழுகத் தொடங்கும், அல்லது பாம்பு அதைக் கக்கிவிடும். வெறும் வயிற்றோடு இருக்கும் பாம்புக்குக் குளிர் அவ்வளவு பெரிய பகை அன்று. மின்சாரம் திரும்பியதும் சில மணி நேரத்தில் படிப்படியாக வெப்பத்தை ஏற்றுங்கள்; உணவை இன்னும் ஓரிரு நாள் தள்ளிப்போடுங்கள்.

கேட்டவரின் பதில்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஊர்வன அறையில் அந்த ஹீட்டரைப் பொருத்தும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். ஒரு கவலை மட்டும் எஞ்சியிருக்கிறது: ஒரு பெண் மலைப்பாம்பு முட்டையிட்டு, முட்டைகள் இன்குபேட்டரில் (அடைகாக்கும் மின்பெட்டியில்) இருக்கின்றன. அவற்றைத் துணிப்பையில் இட முடியாது. பேட்டரியும் இன்வெர்ட்டரும் வாங்கினால் இன்குபேட்டரையும் நான்கு ஹீட் மேட்களையும் எவ்வளவு நேரம் இயக்க முடியும்?

மறுமொழி 1 எழுதியவர்

ஹீட் மேட் ஒன்றுக்கு 20 வாட், இன்குபேட்டருக்கு 40 வாட் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 120 வாட். பெட்டிகளை நன்றாகப் போர்த்தியிருந்தால், வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் பாதி நேரம் அவற்றை அணைத்தே வைத்திருக்கும். எனவே சராசரிச் செலவு 60 வாட், இன்வெர்ட்டரின் சொந்தச் செலவையும் சேர்த்துச் சுமார் 70 வாட். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் 1,200 வாட்-மணி இருக்கிறது. ஈய அமில பேட்டரியில் பாதியை மட்டுமே எடுப்பது அதன் ஆயுளுக்கு நல்லது, ஆகவே எட்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையில் ஏறத்தாழ 1,000 வாட்-மணி வரை எடுக்கலாம்; பதினான்கு மணி நேரம் ஓடும். தூய சைன் அலை, அதாவது வீட்டு மின்சாரத்தைப் போன்ற சீரான அலையைத் தரும் இன்வெர்ட்டரையே வாங்குங்கள். மலிவான வகையில் மின்னழுத்தத்தைக் குறைத்துக் கூட்டும் தெர்மோஸ்டாட்கள் தாறுமாறாக நடந்துகொள்வதுண்டு. டிராகன்களின் 100 வாட் விளக்குகளை இதில் இணைக்க வேண்டாம். ஒரு நாள் வெயில் காயாமல் இருப்பதை அவை பொறுத்துக்கொள்ளும்.

ஜெனரேட்டர் வைத்திருந்தால் அதை வீட்டுக்குள்ளோ கார் நிறுத்தும் அறையிலோ இயக்கக் கூடாது. வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகை சன்னல்களை நோக்காதபடி வைத்து, பேட்டரிக்கு மின்னேற்ற மட்டும் அவ்வப்போது இயக்கினால் போதும்.

மறுமொழி 3 எழுதியவர்

முட்டைகளைப் பற்றி ஒரு சொல். மலைப்பாம்பு முட்டைகள் 31 முதல் 32 டிகிரி வரை அடைகாக்கப்படுகின்றன. சில மணி நேரம் வெப்பம் குறைவதைக் கரு பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். வளர்ச்சி சற்றுத் தாமதமாகும், அவ்வளவே. 35 டிகிரியைத் தொடும் மிகை வெப்பத்தைத்தான் அது தாங்காது. ஆகவே பதற்றத்தில் கூடுதல் சூட்டைக் கொடுத்துவிடாதீர்கள். தண்ணீர் நிரப்பிய சில பாட்டில்களை இன்றே இன்குபேட்டருக்குள் இடமுள்ள வரை அடுக்கிவிடுங்கள். அவையும் 31 டிகிரியில் நிலைபெற்றிருந்தால், மின்சாரம் நின்றபின் உள்வெப்பம் மிக மெதுவாகவே குறையும். பார்க்கும் ஆவலில் மூடியைத் திறக்க வேண்டாம். எந்தக் காரணத்துக்காகவும் முட்டைகளைப் புரட்டவும் வேண்டாம். கரு மேலோட்டின் உட்புறத்தில் ஒட்டியிருப்பதால், புரட்டினால் அது மூழ்கி இறந்துவிடக்கூடும். முட்டைகளை இடம் மாற்ற வேண்டியிருந்தால், முதலில் மென்மையான பென்சிலால் மேற்பக்கத்தில் குறியிட்டு, அக்குறி மேலே பார்த்தபடியே தூக்கி வையுங்கள்.